தாடைக்குக் கால் எலும்பு எதற்கு? டைட்டானியம் மட்டும் ஏன் போதாது?

‘காலிலிருந்து எலும்பு எடுத்துத் தாடை பொருத்தி டாக்டர்கள் சாதனை’ என்ற செய்தி நாளிதழ்களின் மாவட்டப் பக்கங்களில் அடிக்கடி வருகிறது. அதே வாரத்தில் ‘3டி பிரிண்டரில் அச்சிட்ட டைட்டானியம் தாடை’ என்று இன்னொரு செய்தியும் வரும். இரண்டையும் படிப்பவருக்குக் குழப்பம் வருவது இயல்பு. இயந்திரத்தில் அச்சிட முடியும் என்றால் நன்றாக இருக்கும் காலை எதற்காக வெட்ட வேண்டும்? வாய்ப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை என்று சொல்லப்பட்ட வீடுகளில் இந்தக் கேள்வி இன்னும் கவலையோடு கேட்கப்படுகிறது. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமையின் 2022 கணக்குப்படி இந்தியாவில் அந்த ஓராண்டில் மட்டும் உதடு, வாய்ப் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டவர்கள் 1.4 லட்சத்துக்கும் மேல். புகையிலையும் பாக்கும் அதற்கு முதன்மைக் காரணங்கள். ஈறிலும் கன்னத்தின் உட்புறத்திலும் வரும் கட்டிகள் பக்கத்திலேயே இருக்கும் தாடை எலும்பைச் சீக்கிரம் பிடித்துவிடுகின்றன.

சுருக்கமான பதில் இது: எலும்பின் வடிவத்தைச் செய்வது இன்று பெரிய காரியமில்லை. வைத்த எலும்புக்கு ரத்தம் ஓட வைப்பதுதான் பெரிய காரியம். அறுவை சிகிச்சையின் நீளம், செலவு, ஆபத்து எல்லாமே அதிலிருந்துதான் வருகின்றன.

தாடையில் எங்கே ஓட்டை என்பதுதான் முதல் கேள்வி

கீழ்த்தாடை லாடம் போல வளைந்த ஒற்றை எலும்பு. நடுவில் முகவாய், இரு பக்கமும் பற்கள் அமர்ந்த உடற்பகுதி, காதுக்குக் கீழே மேல்நோக்கித் திரும்பும் கோணம், அங்கிருந்து ஏறும் பட்டைப் பகுதி, உச்சியில் மூட்டுக் குமிழ். இதில் எந்த இடம் போகிறது என்பதைப் பொறுத்துப் பாதிப்பு வெகுவாக மாறும். எத்தனை செ.மீ. போகிறது என்ற கணக்கு அதற்கு அடுத்தபடிதான்.

1. முகவாய் போனால்: நாக்கை முன்னோக்கி இழுத்துப் பிடிக்கும் தசைகள் முகவாய் எலும்பின் பின்புறத்தில்தான் ஒட்டியிருக்கின்றன. அந்த எலும்பை எடுத்துவிட்டு ஒன்றும் வைக்காவிட்டால் நாக்கு பின்னால் சரிந்து மூச்சுப் பாதையை அடைக்கும். கீழ் உதட்டுக்குத் தாங்கல் இல்லாததால் எச்சில் ஓயாமல் வடியும். முகத்தின் கீழ்ப் பகுதி கழுத்துக்குள் உள்வாங்கியது போலாகிவிடும். இங்கே எலும்பு வைத்தே ஆக வேண்டும்.

2. பக்கவாட்டில் போனால்: மிச்சமிருக்கும் தாடை வெட்டிய பக்கமாகச் சாயும். மேல் பல்லும் கீழ்ப் பல்லும் சேராது. மெல்ல முடியாது. ஆனாலும் மூச்சுக்கு ஆபத்தில்லை.

3. கோணத்துக்கு மேலே, பின்புறம் மட்டும் போனால்: வயதானவர்களும் பல் இல்லாதவர்களும் எலும்பே வைக்காமல், சதை மட்டும் வைத்து மூடினாலும் ஓரளவு நன்றாகவே சமாளித்துக்கொள்கிறார்கள்.

எல்லோருக்கும் முழுத் துண்டை எடுக்க வேண்டியதில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். கட்டி எலும்பின் மேற்பரப்பை மட்டும் தொட்டிருந்தால், பற்கள் இருக்கும் மேல் விளிம்பைச் சீவி எடுத்துவிட்டு, கீழ் விளிம்பைக் குறைந்தது 1 செ.மீ. உயரத்துக்கு விட்டுவைக்கலாம். தாடையின் தொடர்ச்சி அறுபடாது. மறுசீரமைப்புக்கு எலும்பு தேவைப்படாது. பற்கள் விழுந்து பல வருடம் ஆனவர்களுக்கு இது சிக்கல். பல் போனதும் தாடை எலும்பு தேய்ந்து குச்சி போலாகிவிடும். அதில் மேலும் சீவினால் மிச்சம் இருப்பது இட்லி மெல்லும்போதுகூட முறியலாம். கட்டி எலும்பின் நடு மஜ்ஜைக்குள் இறங்கிவிட்டால் பேச்சுக்கே இடமில்லை, முழு உயரத்துக்கும் துண்டை எடுக்க வேண்டியதுதான்.

டைட்டானியம் பிளேட் ஏன் தனியாக நிற்காது

வெட்டிய இரண்டு முனைகளையும் தடித்த டைட்டானியம் பிளேட்டால் இணைத்து, ஒவ்வொரு பக்கமும் மூன்று நான்கு ஸ்க்ரூ முடுக்கிவிட்டால் அன்றைக்கு எக்ஸ்ரேயில் அழகாகத்தான் இருக்கும். பிரச்சினை பிறகு வரும்.

முதலாவது, உலோகச் சோர்வு. ஒரு வேளை சாப்பாட்டுக்கே நூற்றுக்கணக்கான முறை மெல்லுகிறோம். ஒவ்வொரு மெல்லலிலும் பிளேட் கண்ணுக்குத் தெரியாத அளவு வளைந்து நிமிர்கிறது. எலும்பு என்றால் தன் நுண்விரிசலைத் தானே சரிசெய்துகொள்ளும். உலோகத்துக்கு அந்த வசதி கிடையாது. பெரும்பாலும் வளைவு அதிகமான இடத்தில், ஸ்க்ரூ துளையின் ஓரத்தில், ஒருநாள் முறியும்.

இரண்டாவது, ஸ்க்ரூ தளர்வு. பாரம் முழுவதும் கடைசி ஸ்க்ரூக்களின் மேல் விழுவதால் சுற்றியுள்ள எலும்பு கரைந்து, ஸ்க்ரூ ஆட ஆரம்பிக்கும்.

மூன்றாவதுதான் அதிகம் நடப்பது: பிளேட் வெளியே தெரிவது. உலோகத்துக்கும் தோலுக்கும் நடுவே சதை மெத்தை இல்லாவிட்டால், அதிலும் கதிர்வீச்சு கொடுத்த பிறகு, தோல் மெலிந்து, சிவந்து, ஒரு புள்ளியில் கிழிந்து பிளேட் எட்டிப்பார்க்கும். முகவாய்ப் பகுதியில் இதன் வாய்ப்பு மிக அதிகம்.

அப்படியானால் அச்சிட்ட தாடை என்ற செய்தி பொய்யா? இல்லை. 2011 ஜூனில் நெதர்லாந்தில் 83 வயதுப் பெண் ஒருவருக்கு முழுக் கீழ்த்தாடையையும் டைட்டானியத்தில் அச்சிட்டுப் பொருத்தினார்கள். 2012 பிப்ரவரியில் செய்தி வெளியானது. அதன் எடை 107 கிராம். அவருக்கு இருந்தது தாடை எலும்பில் தீராத சீழ்த்தொற்று, புற்றுநோய் இல்லை. அந்த வயதில் பத்து மணி நேர அறுவை சிகிச்சையைத் தாங்குவதே கேள்விக்குறி என்பதால் நான்கு மணி நேரத்துக்குள் முடியும் இந்த வழி அவருக்குப் பொருந்தியது. இதை எடுத்துக்கொண்டு, கதிர்வீச்சுக்குப் போகப்போகும் 45 வயதுக்காரருக்கும் இதுவே போதும் என்று வாதிட முடியாது.

ரத்தம் இல்லாமல் வைத்த எலும்பு என்ன ஆகும்

இடுப்பு எலும்பின் விளிம்பிலிருந்து ஒரு துண்டை வெட்டியெடுத்துத் தாடையில் வைப்பது பழைய முறை. வெட்டி எடுத்த நிமிடமே அந்தத் துண்டுக்கு ரத்தம் நின்றுவிடுகிறது. உள்ளே உள்ள செல்களில் பெரும்பகுதி செத்துப்போகும். மீதம் இருப்பது ஒரு சாரம் மட்டுமே. சுற்றியுள்ள சதையிலிருந்து புதிய ரத்தக்குழாய்கள் மெல்ல உள்ளே ஊர்ந்து வந்து, பழைய எலும்பை அரித்து, அந்த இடத்தில் புதியதைக் கட்ட வேண்டும். இதற்கு மாதக்கணக்கில் ஆகும்.

இது வெற்றிபெற மூன்று நிபந்தனைகள் உண்டு:

1. இடைவெளி சுமார் 5–6 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். நீளம் கூடினால் நடுப்பகுதிக்கு ரத்தக்குழாய் போய்ச் சேருமுன் எலும்பு கரைந்துவிடும்.
2. எச்சில் படக் கூடாது. வாயோடு தொடர்பிருந்தால் கிருமித் தொற்றுக்கு வாய்ப்பு மிக அதிகம்.
3. கதிர்வீச்சு பட்ட இடமாக இருக்கக் கூடாது. கதிர்வீச்சு நுண் ரத்தக்குழாய்களைச் சுருக்கி அடைத்துவிடுவதால், ஊர்ந்து வருவதற்கு அங்கே குழாய்களே இருக்காது.

வாய்ப் புற்றுநோய் இந்த மூன்றையும் ஒரே சமயத்தில் மீறுகிறது. வெட்டு நீளமானது, வாய் திறந்தே இருக்கிறது, ஆறு வாரத்தில் கதிர்வீச்சு வரப்போகிறது. அதனால் நாற்றைத் தாய்மண்ணோடு பெயர்ப்பதுபோல, எலும்பை அதன் சொந்தத் தமனி, சிரையோடு எடுத்துவந்து, கழுத்தில் உள்ள குழாய்களோடு தைத்துவிட வேண்டியிருக்கிறது. இதைத்தான் ‘ஃப்ரீ ஃபிளாப்’ என்கிறார்கள். இப்படி வைத்த எலும்பு ஊர்ந்து வரும் குழாய்களுக்காகக் காத்திருப்பதில்லை. முறிந்த எலும்பு கூடுவதுபோலவே தாடையோடு கூடுகிறது.

ஆய்வகத்தில் எலும்பு வளர்ப்பதும் இந்த விதிக்குத் தப்பவில்லை. 2004-இல் ஜெர்மனியின் கீல் நகர மருத்துவர்கள் டைட்டானியம் வலைக்கூண்டில் எலும்புக் கனிமத் துண்டுகள், எலும்பு வளர்ச்சிப் புரதம், நோயாளியின் மஜ்ஜை ஆகியவற்றை நிரப்பினார்கள். பிறகு அதை நோயாளியின் முதுகுத் தசைக்குள் ஏழு வாரம் புதைத்துவைத்தார்கள். காரணம் அங்கே ரத்தம் கிடைக்கும் என்பதுதான். பிறகு தசை, குழாய்களோடு சேர்த்துத்தான் தாடைக்கு மாற்றினார்கள்.

ஏன் ஃபிபுலா

முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்புகள். உள்பக்கம் இருக்கும் தடித்த டிபியாதான் உடல் எடையில் பெரும்பங்கைச் சுமக்கிறது. வெளிப்பக்கம் இருக்கும் மெலிந்த ஃபிபுலாவின் மேல்முனையும் கீழ்முனையும்தான் முக்கியம். நடுத்தண்டை எடுத்தாலும் நடக்கலாம். 1975-இல் ஆஸ்திரேலிய அறுவை மருத்துவர் இயன் டெய்லர் ரத்தக்குழாயோடு ஃபிபுலாவை எடுத்து, அடிபட்ட இன்னொரு காலில் பொருத்திக்காட்டினார். 1989-இல் நியூயார்க்கின் டேவிட் ஹிடால்கோ அதை வெட்டி வளைத்துத் தாடையாக்கும் முறையை வெளியிட்டார். இன்று உலகெங்கும் தாடைக்கு முதல் தேர்வு இதுவே. காரணங்கள்:

1. நீளம். 20–25 செ.மீ. வரை எடுக்கலாம், ஏறக்குறைய முழுத் தாடைக்கும் போதும்.
2. ரத்தம் இரண்டு வழியில் வருகிறது. எலும்புக்குள் நுழையும் ஒரு தமனியைத் தவிர, எலும்பைப் போர்த்தியிருக்கும் உறை வழியாகவும் நெடுகக் கிடைக்கிறது. எலும்பைத் துண்டு போட்டு வளைத்தாலும் உறை கிழியாமல் இருந்தால் எல்லாத் துண்டும் பிழைக்கும். நேர் எலும்பு லாட வடிவத் தாடையாக மாறுவதன் ரகசியம் இதுதான்.
3. கூடவே தோலும் எடுக்கலாம். அதே தமனியிலிருந்து பிரியும் நுண்கிளைகள் காலின் வெளிப்புறத் தோலுக்குப் போகின்றன. வாய்க்குள் இழந்த ஈறுக்கும் கன்னச் சதைக்கும் அந்தத் தோல் ஈடாகிறது.
4. இடம் தொலைவில் இருக்கிறது. தலைப்பக்கம் ஒரு குழு கட்டியை எடுக்கும்போதே, கால்பக்கம் இன்னொரு குழு எலும்பை எடுக்கலாம்.

எல்லோருடைய காலும் இதற்குத் தகுதியானதல்ல. பாதத்துக்கு மூன்று தமனிகள் போகின்றன. ஃபிபுலாவோடு அதில் ஒன்றை எடுத்துவிடுகிறோம். சிலருக்குப் பிறவியிலேயே மற்ற இரண்டும் மெலிந்து, எடுக்கப்போகும் தமனியே பாதத்துக்கு முழுப் படியளப்பதாக இருக்கும். பல வருடச் சர்க்கரை நோயாளிகளுக்கும் புகைபிடிப்பவர்களுக்கும் அந்த இரண்டும் அடைத்திருக்கலாம். அதைக் கவனிக்காமல் எடுத்தால் பாதம் கருக ஆரம்பிக்கும். கணுக்காலின் உள்பக்கத்திலும் பாதத்தின் மேற்புறத்திலும் நாடியைத் தொட்டுப் பார்ப்பது முதல் சோதனை. பல மையங்கள் காலுக்கு, ரத்தக்குழாய்களைக் காட்டும் சி.டி. ஆஞ்சியோ ஸ்கேனும் எடுத்துவிடுகின்றன. கால் ஒத்துவராதவர்களுக்கு முதுகின் தோள்பட்டை எலும்போ இடுப்பு எலும்போ, அவையும் ரத்தக்குழாயோடு, மாற்று வழிகள்.

அறுவை அரங்கில் வரிசையாக நடப்பவை

மொத்தம் 8 முதல் 12 மணி நேரம் ஆகும். குழுவுக்குக் குழு வரிசை கொஞ்சம் மாறும்.

1. கடி அமைப்பைக் காப்பாற்றுவது. தாடையை வெட்டுமுன்பே பிளேட்டை அதன்மேல் வளைத்து, ஸ்க்ரூ துளைகளைப் போட்டு, பிளேட்டைக் கழற்றி வைத்துவிடுவார்கள். வெட்டிய பிறகு அதே துளைகளில் பிளேட்டைத் திரும்பப் பூட்டினால் இரண்டு முனைகளும் பழைய இடத்திலேயே நிற்கும். இந்தச் சின்ன முன்யோசனை தவறினால் பிறகு பல் சேரவே சேராது. கட்டி எலும்பை உடைத்து வெளியே வீங்கியிருந்தால் நேரடியாக வளைக்க முடியாது. ஸ்கேனிலிருந்து அச்சிட்ட மாதிரியின்மேல் வளைப்பார்கள்.

2. கட்டியை அகற்றுவது. சுற்றிலும் சுமார் 1 செ.மீ. நல்ல சதையோடும், எலும்பில் அதற்குக் குறையாத தூரம் விட்டும் எடுப்பார்கள். கழுத்தின் நெறிகட்டிகளும் எடுக்கப்படும். அப்போதே, பின்னால் இணைப்புக்கு வேண்டிய ஒரு தமனியும் இரண்டு சிரைகளும் நீளமாகப் பத்திரப்படுத்தப்படும். பொதுவாக முகத் தமனி அல்லது தைராய்டுக்குப் போகும் மேல் தமனி.

3. ஃபிபுலாவை எடுப்பது. தொடையில் ரத்தம் நிறுத்தும் பட்டை கட்டியிருக்கும். அதற்கு ஏறத்தாழ 2 மணி நேரக் கெடு. மேல்முனையில் 6–8 செ.மீ. விடப்படும், பாதத்தைத் தூக்கும் நரம்பு ஃபிபுலாவின் கழுத்தைச் சுற்றித்தான் போகிறது. கீழ்முனையிலும் 6–8 செ.மீ. விடப்படும்; இல்லாவிட்டால் கணுக்கால் ஆடும்.

4. வடிவம் கொடுப்பது. எலும்பு இன்னும் காலின் ரத்த ஓட்டத்தில் இருக்கும்போதே ஆப்பு வடிவில் சீவல்கள் எடுத்து வளைத்து, பிளேட்டில் பூட்டிவிடுவது நல்ல வழக்கம். ரத்தம் இல்லாமல் இருக்கும் நேரம் அதனால் குறையும். ஒவ்வொரு துண்டும் 2 செ.மீ.க்குக் குறையக் கூடாது. அதைவிடச் சிறிதானால் உறையிலிருந்து வரும் ரத்தம் போதாமல் அந்தத் துண்டு மட்டும் செத்துவிடும். ரம்பம் ஓடும்போது தமனியை ஒரு மெல்லிய தகடு வைத்து மறைப்பார்கள்.

5. இடமாற்றம். காலில் குழாயை வெட்டிய நொடியிலிருந்து கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. எலும்பும் தோலும் சில மணி நேரம் தாங்கும் என்றாலும் இரண்டு மூன்று மணிக்குள் ரத்தம் விட்டுவிடப் பார்ப்பார்கள். எலும்பை முதலில் பூட்டி, வாயின் எட்டாத உள்மூலையில் தோலைத் தைத்த பிறகே குழாய் இணைப்பு. மாற்றிச் செய்தால் இழுவையில் இணைப்பு பிய்ந்துவிடும்.

6. குழாய் இணைப்பு. மைக்ரோஸ்கோப்பின் கீழ், 2–3 மி.மீ. விட்டமுள்ள தமனியை 9-0 நைலான் நூலால் தைக்கிறார்கள். அந்த நூலின் தடிமன் ஏறத்தாழ 0.03 மி.மீ.; தலைமுடியைவிட மெலிது. எட்டுப் பத்துத் தையல் போதும். ஒரே ஒரு தையல் எதிர்ச் சுவரையும் சேர்த்துப் பிடித்துவிட்டால் குழாய் அடைபடும். சிரையின் சுவர் ஈரக் காகிதம்போலத் துவளும் என்பதால் பல இடங்களில் அதற்குத் தையலுக்குப் பதில் பற்கள் கொண்ட இரட்டை வளைய இணைப்பியைப் பயன்படுத்துகிறார்கள்.

கணினித் திட்டம் எங்கே உதவுகிறது, எங்கே கைவிடும்

3டி அச்சின் உண்மையான பயன் இங்கேதான். தாடைக்கும் காலுக்கும் 1 மி.மீ. அல்லது அதற்கும் மெல்லிய சீவல்களில் சி.டி. எடுத்து, திரையிலேயே வெட்டிப் பொருத்திப் பார்க்கிறார்கள். பிறகு ரம்பம் போக வேண்டிய பிளவுகளோடு வெட்டு வழிகாட்டிகளை அச்சிடுகிறார்கள். கண் அளவையில் சீவி, வைத்துப் பார்த்து, மறுபடி சீவும் நேரம் மிச்சமாகிறது. துண்டுகள் இடைவெளியின்றிச் சேர்கின்றன.

ஆனால் ஸ்கேன் எடுத்த நாளில் இருந்த கட்டிக்குத்தான் அந்தத் திட்டம். வரிசையில் காத்திருந்து ஐந்தாறு வாரம் போய்விட்டால் கட்டி வளர்ந்திருக்கும். அச்சிட்ட வழிகாட்டிப்படி வெட்டினால் நோயின் மேலேயே வெட்டு விழும். அப்போது வழிகாட்டியை ஓரம் வைத்துவிட்டுப் பழைய முறையில் செய்யத் தெரிந்த கை வேண்டும். 3டி திட்டம் இருக்கிறதா என்று கேட்கும் குடும்பங்கள், ஸ்கேனுக்கும் ஆபரேஷனுக்கும் நடுவே எத்தனை நாள் என்பதையும் கேட்பது நல்லது.

முதல் 72 மணி நேரம்

அனுபவமுள்ள மையங்களில் நூற்றுக்கு 95-க்கு மேல் ஃபிளாப் பிழைக்கிறது. பிழைக்காதவற்றில் பெரும்பாலானவை முதல் இரண்டு மூன்று நாளில்தான் போகின்றன, அவற்றில் பல, யாராவது சீக்கிரம் கவனித்திருந்தால் காப்பாற்றியிருக்கக்கூடியவை. அதனால் முதல் நாள் மணிக்கு ஒருமுறை நர்ஸ் டார்ச் அடித்து வாய்க்குள் இருக்கும் அந்தக் கால்தோலைப் பார்க்கிறார். என்ன பார்க்கிறார்?

தமனி அடைத்தால் தோல் வெளிறி, குளிர்ந்து, துவண்டு போகும். விரலால் அழுத்தி எடுத்தால் நிறம் திரும்பாது. ஊசியால் குத்தினால் ரத்தம் வராது.

சிரை அடைத்தால் நேர்மாறு. ரத்தம் உள்ளே வருகிறது, வெளியே போக வழியில்லை. தோல் வீங்கி, நாவல்பழ நிறமாகும். அழுத்தி எடுத்தால் நொடிக்குள் நிறம் திரும்பிவிடும். சரியான அளவு இரண்டு மூன்று நொடி. குத்தினால் கறுத்த ரத்தம் பொங்கும். அதிகம் நடப்பது இதுதான். ‘ரத்தம் நன்றாக வருகிறதே’ என்று புதியவர்கள் ஏமாறுவதும் இதில்தான்.

இரண்டில் எதுவானாலும் மருந்து கொடுத்துக் காலை வரை பார்ப்போம் என்ற பேச்சுக்கு இடமில்லை. உடனே திரும்ப அரங்குக்குப் போய்க் கழுத்தைத் திறந்து, உறைகட்டியை எடுத்து, மறுபடி தைக்க வேண்டும். சில மணி நேரத்தில் போனால் பெரும்பகுதி காப்பாற்றப்படுகின்றன. தாமதித்தால் நுண்குழாய்களே அடைத்துப்போய், தமனியைத் திறந்துவிட்டாலும் ரத்தம் உள்ளே ஏறாது.

சிரை அடைப்புக்குச் சில காரணங்கள் அற்பமானவை. மூச்சுக்காகக் கழுத்தில் போட்ட டிரக்கியாஸ்டமி குழாயை நாடாவால் இறுக்கிக் கட்டினால் அந்த நாடா கழுத்துச் சிரையை அழுத்தும். அதனால் நாடாவே கட்டாமல் குழாயைத் தோலோடு தைத்துவிடுவார்கள். நோயாளி தூக்கத்தில் தலையை ஒரு பக்கம் முழுதாகத் திருப்பினாலும் குழாய் முறுக்கலாம். வடிகுழாய் அடைத்து ரத்தம் உள்ளே தேங்கினாலும் அதே கதை.

மூன்று நாள் தாண்டிய பிறகு வரும் எதிரி எச்சில். ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாள் வரை வாய்த்தையல் எங்காவது விட்டால் எச்சில் கழுத்துக்குள் இறங்கும். அது கிருமியோடு சேர்ந்து குழாய் இணைப்பையே அரிக்கலாம். வாய்வழி எதுவும் கொடுக்காமல் மூக்குக் குழாய் வழியாகவே உணவு கொடுப்பது இதற்காகத்தான். ‘பசிக்கிறது என்கிறாரே’ என்று உறவினர் பாசத்தில் ஒரு வாய் கஞ்சி ஊட்டுவது உண்மையிலேயே ஆபத்து.

காலுக்கு என்ன ஆகும்

எடுத்த தோல் நான்கைந்து செ.மீ. அகலத்துக்குள் இருந்தால் காலை நேராகத் தைத்து மூடலாம். அதற்கு மேல் என்றால் தொடையிலிருந்து மெல்லிய தோல் எடுத்து ஒட்ட வேண்டும். இழுத்துப் பிடித்து இறுக்கித் தைப்பது பெரிய தவறு. உள்ளே வீக்கம் கூடி, தசைக்கு ரத்தம் நின்றுவிடும்.

பெரும்பாலோர் ஒன்றிரண்டு வாரத்தில் வாக்கர் பிடித்து நடக்கிறார்கள், சில மாதத்தில் சாதாரணமாகவே நடக்கிறார்கள். நிலையாகத் தங்கக்கூடியவை: கட்டைவிரலை மடக்கும் வலு குறைவது, கணுக்கால் விறைப்பு, காலின் வெளிப்புறம் மரத்துப்போவது. பாதம் தொங்கிப்போவது அரிது. அப்படி ஆனால் மேல்முனை நரம்பு காயப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். வளரும் குழந்தைகளுக்கு மட்டும் கணுக்கால் கோணும் அபாயம் இருப்பதால் கீழ்முனையை டிபியாவோடு ஸ்க்ரூ போட்டுப் பிணைப்பார்கள்.

கதிர்வீச்சும் பல்லும்

ஊர்ப்பேச்சில் ‘கரண்ட் வைப்பது’ எனப்படும் கதிர்வீச்சு, அறுவை முடிந்து ஆறு வாரத்துக்குள் தொடங்க வேண்டும். வழக்கமான அளவு 60 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு). வாரம் ஐந்து நாள் வீதம் 30 தடவை. காயம் ஆறுவதில் ஒரு வாரம் தாமதமானாலும் புற்றுநோய்ச் சிகிச்சை பாதிக்கப்படுகிறது. எலும்பு வைத்ததே இதைக் கெடுத்துவிடக் கூடாது என்பதால்தான் உறுதியாக ஆறக்கூடிய உயிருள்ள எலும்பை விரும்புகிறார்கள்.

சொத்தையாகி எடுக்க வேண்டிய பல் இருந்தால் கதிர்வீச்சுக்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்பே எடுத்துவிட வேண்டும். கதிர்வீச்சு பட்ட தாடையில் பின்னாளில் பல் பிடுங்கினால் அந்தக் குழி ஆறாமல் எலும்பு வெளியே தெரிந்து, மூன்று மாதம் ஆகியும் மூடாமல், எலும்பே அழுகும் நிலை வரலாம். அதற்கே மறுபடி ஃபிபுலா வைக்க நேர்ந்தவர்கள் உண்டு.

புதிய தாடையில் பல் கட்டுவது தனிக் கட்டம். பல் உள்ள இயல்பான தாடை 3 செ.மீ. அளவு உயரம், ஃபிபுலாவோ ஒன்றரை செ.மீ.தான். கீழ் விளிம்பில் வைத்தால் முகத்தோற்றம் சரியாகும், பல் எட்டாத பள்ளத்தில் நிற்கும். மேலே தூக்கி வைத்தால் பல்லுக்கு வசதி, கன்னம் உள்வாங்கும். இரண்டு அடுக்காக மடித்து வைப்பது ஒரு தீர்வு. கொஞ்சம் தூக்கி வைத்துக் கீழே பிளேட்டால் வடிவம் கொடுப்பது இன்னொன்று. புற்றுநோய் அல்லாத தாடைக் கட்டிகளுக்கு இம்ப்ளாண்டையும் (பல்லைத் தாங்க எலும்பில் திருகும் உலோக வேர்) பல்லையும் அதே நாளில் பொருத்துவதும் நடக்கிறது. செலவும் அலைச்சலும் சேர்ந்து நம் ஊர் நோயாளிகள் பலரை இந்தக் கட்டத்துக்கு முன்பே நிறுத்திவிடுகின்றன என்பது வருத்தமான உண்மை.

மேல்தாடை: இது வேறு கணக்கு

மேல்தாடை போனால் வாய்க்கும் மூக்குக்கும் நடுவே ஓட்டை. குடித்த தண்ணீர் மூக்கில் வரும், பேச்சு மூக்கால் போகும். சின்ன ஓட்டைக்குக் கழற்றி மாட்டும் அடைப்புத் தகடு போதும். கழற்றிப் பார்த்தால் நோய் திரும்புகிறதா என்பதும் தெரியும். ஓட்டை பெரிதாக இருந்தாலோ கண்குழியின் தளமும் போய்விட்டாலோ எலும்பு தேவைப்படலாம்.

2021-இல் கோவிட் இரண்டாம் அலையோடு வந்த கறுப்புப் பூஞ்சையில் பலர் மேல்தாடையை இழந்தார்கள். அந்தப் பூஞ்சை ரத்தக்குழாய்க்குள்ளேயே வளர்ந்து அடைப்பதால் எலும்பு ரத்தமின்றிச் செத்தது. ஆகவே உடனே மறுசீரமைக்கவில்லை. பூஞ்சை முற்றிலும் போனதும், சர்க்கரை கட்டுக்குள் வந்ததும் உறுதியாகும்வரை மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். பிறகு சிலருக்குக் கன்ன எலும்பில் நங்கூரமிடும் 3 முதல் 5 செ.மீ. நீள இம்ப்ளாண்ட், சிலருக்கு ஃபிபுலா.

கையெழுத்துப் போடுமுன் கேட்க வேண்டியவை

70 வயது, பல் இல்லை, இதயம் பலவீனம், தாடையின் பின்பகுதி மட்டும் போகிறது என்றால் மார்புத் தசையைத் தோலோடு திருப்பி மூடும் சிகிச்சையே புத்திசாலித்தனமான முடிவாக இருக்கலாம். அது மூன்று நான்கு மணி நேரத்தில் முடியும், மைக்ரோஸ்கோப் தேவையில்லை. எலும்பு வைக்காததைக் குறையாக நினைக்க வேண்டியதில்லை. மற்றபடி கேட்க வேண்டியவை:

1. விளிம்பை மட்டும் சீவினால் போதுமா, முழுத் துண்டும் போக வேண்டுமா?
2. காலின் மூன்று தமனிகளும் சரியாக இருக்கின்றனவா?
3. இரவு இரண்டு மணிக்கு ஃபிளாப் நிறம் மாறினால் திரும்பத் திறக்க அதே குழு வருமா? இந்தக் கேள்விக்கு வரும் பதில், கருவிகளின் பட்டியலைவிட அதிகம் சொல்லும்.
4. வாய் திறக்கும் பயிற்சி எப்போது தொடங்கும்? முன்பல் இடைவெளி 35 மி.மீ.க்குக் குறைந்தால் வாய் திறப்பு குறைந்திருப்பதாகக் கணக்கு. கதிர்வீச்சு முடிந்த பிறகும் மாதக்கணக்கில் தசை இறுகிக்கொண்டே வரும். ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்காகப் பல்லிடையே வைத்து, சில நாளுக்கு ஒன்று வீதம் கூட்டிக்கொண்டு போவது பரவலாகச் சொல்லித்தரப்படும் பயிற்சி. பத்து மணி நேரம் செலவழித்து வைத்த தாடை இருந்தும் ஒரு கரண்டி உள்ளே போகாத நிலைக்கு, இந்தக் குச்சிகளைப் பாதியில் விட்டதும் ஒரு காரணமாக இருக்கலாம்.